பிறந்த இடம் என்ற கட்டம்

ஷிப்டு முடிந்து எத்தனை சோப்புப் போட்டாலும்
நகக்கண்ணில் செம்பனை எண்ணெய் போகாது.
அந்த விரலால்தான் பக்கம் புரட்டுகிறேன்.
எதிர்வீட்டு சர்வின் போன வருடம் படித்துவிட்டுத் தந்த
மலாய் அறிவியல் புத்தகம்.
ஓரமெல்லாம் அவன் வரைந்த மோட்டார் சைக்கிள்.
உன்னைவிட நான் இரண்டு பக்கம் முன்னால்.
சில இரவுகளில் அதுவும் இல்லை.

பாகாவ் ஒன்பது மணிக்கே கதவடைத்துவிட்டது.
ஆலையின் ஆவி மட்டும் விழித்திருக்கிறது.
மேசைமேல் மைலோ, கொசுவர்த்தி, பெருவெடிப்பு.

"யாரும்மா வெடிச்சது?" என்றாய்.
வெடிக்கவே இல்லையாம், லோஷினி.
யாரோ அவசரத்தில் வைத்த பெயர்.
வைத்த பெயரை மாற்றுவது எவ்வளவு பாடு என்று
பதிவு இலாகாவில் கேட்டுப் பார்.

கிளினிக்கில் வேலை செய்யும் மேகலா கொடுத்த
ரப்பர் கையுறையில் பேனாவால் புள்ளி வைத்தாய்:
இது நம் வீடு, இது ஆலை, இது சிரம்பான்.
நான் ஊத ஊத
ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் விட்டு விலகியது.
யாரும் யாரையும் துரத்தவில்லை.
கட்டைவிரல் மட்டும் முரண்டுபிடித்துக் கடைசியில் புடைத்தது.
ஐந்து விரல் பிரபஞ்சம் என்று நீ சிரித்தபோது
என் பிடி நழுவி
அது அடுக்களை முழுக்கப் பர்ரென்று சுற்றி
சோற்றுப் பானைக்குப் பின்னால் போய் விழுந்தது.

எனக்கு எடைப்பாலம் தெரியும்.
பழத்தோடு வரும் லாரிக்கு ஒரு எடை,
காலியாய்த் திரும்பும்போது ஒரு எடை,
இடையில் நிற்பதுதான் கணக்கு.
வானத்தையும் அப்படி நிறுத்துப் பார்த்தார்களாம்.
கண்ணில் படுகிற சரக்கைப்போல் ஐந்து மடங்கு
எதுவோ ஏறி உட்கார்ந்திருக்கிறதாம்.
"டிரைவர் மணல் கலந்திருப்பானா?"
எங்கள் ஆலையில் என்றால் முதலில் அதைத்தான் பார்ப்போம்.
வானத்தில் யாரைக் கேட்பது?
நோட்டில் கேள்விக்குறி போட்டு வை என்றேன்.

பிறகு கேட்டாய்:
"அது எங்கே நடந்துச்சு?"

எங்கும்.
ஓர் இடத்தில் தொடங்கி இன்னோர் இடத்துக்குப் போகவில்லை.
அன்றைக்கு இருந்த இடமே அவ்வளவுதான்.
"அப்போ இங்கேயுமா?"
இங்கேயும்.
சோற்றுப் பானைக்குப் பின்னாலும்.

நீ பேசாமல் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாய்.
பச்சை பிளாஸ்டிக் கோப்பு. எட்டு வருடம், ஆறு மனு.
உன்னை என் கையில் வைத்துவிட்டுப் போனவள்
சொன்ன பெயர் எந்த ஆஸ்பத்திரிப் பட்டியலிலும் இல்லை.
பள்ளிக்கூடத்தில் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் தேடினார்கள்,
பிறந்த இடம்.
பதின்மூன்று வயது என்பதுகூட
பல்லைப் பார்த்து ஒரு டாக்டர் எழுதியது.

அதற்கு ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வயது என்றேன்.
அதற்கும் தாள் கிடையாது.
பழைய வெளிச்சம் குளிர்ந்து குளிர்ந்து
இன்னும் எங்கும் மிச்சம் இருக்கிறது, அதுதான் சாட்சி.
மூலையில் கிடந்த பெட்டி டிவியைப் போட்டேன்.
நிலையம் எதுவும் வராது, வெறும் இரைச்சல், புள்ளி மழை.
இதில் நூற்றில் ஒன்று அங்கிருந்து வருவது.
"எந்தப் புள்ளிம்மா?"
தெரியாது.
நீ கண்ணாடிக்கு வெகு அருகில் உட்கார்ந்து
எதையும் தவறவிடக் கூடாது என்பதுபோல்
இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய்.
நான் அப்படியே தூங்கிவிட்டேன்.

காலையில் மேசைமேல்
மிச்சமிருந்த பாரம் ஒன்று, பென்சிலில் நிரப்பியது.
பெயர்: மாறலாம்.
பிறந்த தேதி: பல்லைப் பார்க்கவும்.
பிறந்த இடம்: பாகாவ்.
சாட்சி: டிவி.
யாருக்கான பாரம் என்று மேலே எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை சிரம்பானில் நான்காம் எண் கவுண்ட்டர்.
லீவு சொல்லிவிட்டேன்.
பென்சிலில் எழுதினால் வாங்க மாட்டார்கள்.
பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்,
பானையை நகர்த்தி.