திணைவழு

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னால்
பனங்காற்று மட்டும் வந்துபோகும் அச்சகத்தில்
பிழை பார்க்கிறேன்.
ஏல நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை,
முதல் தடவையாக இப்போது ஒரு நாவல்.
எழுதியவர் சந்தியாகு,
கோபாலபுரம் சாவடியில்
லாரி மாடுகளை எண்ணி எண்ணி ஓய்வு பெற்றவர்.
கையெழுத்துப் படி முழுக்க
பழைய மாட்டுக் கணக்குப் படிவங்களின் முதுகில்.

தொடக்கத்தில்
சாவடி எழுத்தர் சிங்காரவேலு
லாரிக் கம்பிக்கு வெளியே நாக்குத் தொங்கும் கன்றுக்கு
டிபன் மூடியில் தண்ணீர் காட்டுகிறான்.
காட்டினான். நின்றான். கையைத் துடைத்தான்.
ஆன், ஆன் என்று வினைமுற்றுகள்
நிமிர்ந்து நடக்கின்றன.

பிறகு தண்ணீர் வராத ஒரு அத்தியாயம்.
அதற்குப் பிறகு, தலைக்கு இவ்வளவு என்று கை நீள்கிறது.
ஐந்தாவதில், ராத்திரி மழையில்,
மாட்டுக் கால்களுக்கு நடுவே
பொள்ளாச்சியில் ஏறிய இரண்டு கூலிக்காரர்கள்.
சிங்காரவேலு டார்ச் அடித்து
இருபத்து நாலு என்று எழுதுகிறான்.
மாடு இருபத்திரண்டு.

ஏழாவதில் ஆரம்பித்தது:
சிங்காரவேலு வீட்டுக்கு வந்தது.
சோறு தின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது.

சிவப்பு மையில் சுழித்தேன்.
வந்தான், தின்றான், படுத்தான்.
அடுத்த பக்கமும் அப்படியே.
எட்டாவது அத்தியாயம் முடிவதற்குள்
ஒரு பேனா தீர்ந்தது.

முதலாளி குமரனுண்ணி எட்டிப் பார்த்து
"இதில் எந்தா தெற்று?" என்றார்.
அவர் மொழியில்
அவனும் வந்நு, அவளும் வந்நு, பசுவும் வந்நு.
எல்லோருக்கும் ஒரே வாசல்.
அந்த ஒற்றை வினையை வைத்துக்கொண்டே
போன ஆடியில் என் காய்ச்சலுக்கு
மூன்று நாள் கஞ்சி சுமந்தவர் அவர்.

நானும்தான்,
"அது தூங்கிடுச்சு, சத்தம் போடாதீங்க" என்பேன்
என் மகளைப் பற்றி, விளக்கை அணைத்தபடி.
அந்த 'அது'வுக்குள்
அவள் முழுசாக இருக்கிறாள், எச்சில் வாயோடு.
திணையில் மட்டும் இல்லை போல.
ஆனாலும் பிழை பிழைதானே.
கூலி அதற்குத்தான்.

படி திரும்பி வந்தது.
என் சுழிகளையெல்லாம் அடித்து
ஓரத்தில் நடுங்கும் எழுத்தில்:

'சிங்காரவேலு விஷயத்தில் வழு இல்லை. அப்படியே விடவும்.
பக்கம் அறுபத்தொன்றில்
"லாரியில் இரண்டு ஆட்கள் இருந்தன" என்று
எழுதிவிட்டிருக்கிறேன். அது என் பிழை.
பழக்கதோஷம்.
இருந்தார்கள் என்று மாற்ற வேண்டும்.'

அறுபத்தொன்றை எடுத்துப் பார்த்தேன்.
ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருக்கிறேன்.
'மழையில்' என்பதற்குப் பக்கத்தில்
ஒற்று சரியா என்று பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
இருந்தன-வின் மேல்
என் மை படவே இல்லை.
இரண்டு முறை படித்த பக்கம்.

சாயங்காலம் பஸ்ஸில்
மகளை மடியில் வைத்திருந்தேன்.
"ரெண்டு டிக்கெட் இறங்குது" என்று விசிலடித்தார் கண்டக்டர்.
இறங்கினேன்.

படித்தேன். கடந்து போனேன். இறங்கினேன்.
தன்மைக்கு விகுதி ஏன்.
அது திணை காட்டாது.