இருநூறு கிராம்

முதுநகர் மீன் ஏலக்கூடத்தில்
அஞ்சப்பனிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி
கோணியில் சுற்றி
குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தியபடி எழுந்துபோனார்.
ஜன்னலோரம் கிடைத்தது.

மூன்று குடும்பம், பதினொரு பேர்.
ஆளுக்கொரு பை, பைக்கு முப்பது கிலோ.

அதற்கு முன்னால் படிவம்.
ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும்:
தன் விருப்பத்தின் பேரில்தான் நாடு திரும்புகிறீர்களா?
யாராவது வற்புறுத்தினார்களா?

பெயின்ட் வேலைக்குப் போகும் சிவபாதம் சொன்னார்,
"பத்துக்குப் பத்து அறை, அஞ்சு சீவன்.
கணக்கெடுக்க வாற நாளில
வேலைக்குப் போகேலாது.
முப்பத்தி நாலு வருசம்.
வற்புறுத்தினது ஆரெண்டு
பேர் சொல்லத் தெரியேல்ல, பிள்ளை."
படிவத்தில் இரண்டே கட்டம், ஆம், இல்லை.
பேனாவைத் திறந்தபடி இருந்தேன்.
"இல்லையெண்டு போடுங்கோ" என்றார்,
எனக்கு ஏதோ உதவி செய்கிறவர் போல.

அவர் மகள் அபிவர்சினி
கடலூர் அரசு மருத்துவமனையில் பிறந்தவள்.
அப்பாவிடம் ஒரு தமிழ், என்னிடம் ஒரு தமிழ்.
'திரும்புவோர்' என்ற சொல்லுக்குக் கீழே
அவள் பெயரை நான்தான் எழுதினேன்.
"போவாத ஊருக்கு எப்படிக்கா திரும்புறது?"
என்று கேட்டுவிட்டு
கையெழுத்துப் போட்டாள்,
கடைசி எழுத்தின் புள்ளியை மறக்காமல்.

தண்ணீர்த்தொட்டிக் கம்பியில் தராசை மாட்டினேன்.
மளிகைக்கடையில் முந்தின நாளே நிறுத்து
சரியாக முப்பது கட்டி வைத்திருந்தார்கள்.
என் முள்ளுக்கோ எல்லாப் பையும் ஒரு கோடு கூட.
எடுங்கள் என்றேன்.
கடைக்காரர் சரியாகத்தான் நிறுத்தார் என்றார்கள்.
எடுங்கள் என்றேன்.
விமான நிலையத் தரையில் பையை விரித்துப் போட்டு
எதை விடுவதென்று தெரியாமல்
உள்பாவாடைகளுக்கு நடுவே குந்தியிருந்த ஒருத்தியை
போன வருடம் பார்த்திருக்கிறேன்.
அதனால்தான் அந்தக் கறார்.

எடுத்தார்கள்.
பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளர்.
ஒற்றைப் பூட்டு, சாவியோடு.
ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் நோட்டு.
இடியாப்ப அச்சின் கைப்பிடி மட்டும்
(அச்சு போனது, பிடி நின்றது).
அபி ஒரு முந்திரிப் பொட்டலத்தை எடுத்தாள்,
பண்ருட்டியில் அவள் தோலுரித்த பட்டறையில்
கடைசி நாள் சம்பளத்தோடு கொடுத்தது.
"நீங்க சாப்டுங்கக்கா."

வியாழன் விடியற்காலை
போனில் அவள் குரல், பின்னால் அறிவிப்பு மணி:
"ஒண்ணும் சொல்லலக்கா.
எல்லாப் பையும் இருபத்தொம்போது எட்டு காட்டுச்சு.
இன்னும் ஏதாச்சும் வச்சிருக்கலாம்னு
அப்பா சொல்லிக்கிட்டே இருக்காரு."

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
அஞ்சப்பன் அதை ஆணியில் மாட்டினார்.
கொக்கியில் ஒன்றுமில்லை.
முள் ஒரு கோடு தள்ளி நின்றது.
"அது எப்பவும் அப்படித்தாம்மா,
கழிச்சிக்கணும். சொல்லலையா நானு?
நூறு எரநூறு போனா
மீனா வந்து கேக்கப்போவுது?"
வாடகை வேண்டாம் என்றார்.
கூடவே கொஞ்சம் சங்கரா கட்டிக் கொடுத்தார்.

பதினொன்றை இருநூறால் பெருக்கினால்
இரண்டு கிலோ இருநூறு.
அலுவலக பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.
எந்தப் பதிவேட்டில் ஏற்றுவதென்று
கணக்கர் கேட்கிறார்.
புதுத் தராசுக்கு எழுதிப் போட்டாயிற்று,
மூன்று விலைப்புள்ளி வேண்டுமாம்.
செவ்வாய்க்கிழமை விருத்தாசலத்தில் நான்கு குடும்பம்.

முந்திரி
காகிதத்தில் எண்ணெய் விடத் தொடங்கிவிட்டது.