உதட்டு எழுத்து

நாலு வருசம், சனிக்கிழமை சாயங்காலம்,
சம்பளக் கவரோடு வந்து இறங்கி,
பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் பேக்கரியில்
பையனுக்குக் கேக் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.
மேலே சிவப்புச் செர்ரி வைத்த, லேசாக வனஸ்பதி மணக்கும் கேக்.
"என்ன வேணும்?" என்றால் "கேக்கு" என்பான்.
கிரீமை ஓரமாக வழித்துவிட்டுப்
பாதியை எனக்குத் தருவான்.
பாசம் என்று நினைத்துத் தின்றேன்.

அவனுக்குக் கேக் பிடிக்காது.
பப்ஸ்தான் பிடிக்கும்.
'ப' வராது.

உதட்டை மூடித்தான் திறக்க வேண்டும் அந்த எழுத்துக்கு.
மூடும். திறக்காது.
கழுத்து நரம்பு புடைக்கும், இமை துடிக்கும்,
எதிரே நிற்பவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்து உட்காரும்.
அது உட்காருவதற்குள் நான் முந்திக்கொள்வேன்:
"பவித்ரனுங்க. ஆறாவது படிக்கறானுங்க.
கணக்குல நூத்துக்குத் தொண்ணூறுங்க."
கேட்காததையும் சேர்த்துச் சொல்வேன்.
பையன் விழும் முன்னே கை நீட்டுகிறவன்தானே
நல்ல அப்பன்.

உத்திரத்துக்கு 'ட' வரும், 'ப' வரும் என்றார் ஜோசியர்.
'ட'வில் என்ன பேர் வைக்கிறது என்று
ஆஸ்பத்திரிக் கட்டிலில் நானும் கோகிலவாணியும் சிரித்த சிரிப்பு!
தையல் பிரிகிறது, சிரிக்க வைக்காதீங்க என்றாள்.

ஒருநாள் காங்கேயம் பஸ்ஸில் கூட்டம்.
அவனுக்கு மட்டும் சீட்டு கிடைத்தது.
நான் ரெண்டு ஆள் தள்ளி, கம்பியில் தொங்கினேன்.
பக்கத்து சீட்டு அம்மா கேட்டது காதில் விழுந்தது:
"பேரென்ன சாமி?"
"அருண்" என்றான்.
சுத்தமாக, ஒரு திக்கலும் இல்லாமல்,
இன்னொருவன் பேரை.

அருண் எந்த ஸ்கூல், அருணுக்கு எந்த டீச்சரைக் கண்டால் ஆகாது,
அருண் வளர்க்கும் நாய்க்குட்டி
(எங்கள் வீட்டில் நாய் இல்லை),
எல்லாம் காங்கேயம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.
என்ன கலகலப்பான பையன் அந்த அருண்.

இறங்கி நடக்கையில் நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவனாகத்தான் சொன்னான், ரோட்டைப் பார்த்தபடி:
"நீங்க சொல்லாதீங்கப்பா.
நேரமானாலும் நானே சொல்லிக்கறேன்."
அதைச் சொல்லி முடிக்கவே ரொம்ப நேரமானது.
நாலு தேங்காய் லாரி போனது.
நான் நடையை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை,
கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்:
"ப்…"
மருதாசலம் இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி உதவிக்கு வந்தார்.
"பன்னா கண்ணு? பிஸ்கெட்டா?"
பின்னால் ஒருவர் சில்லறையைக் குலுக்கினார்.
அந்தச் சொல் என் வாய்க்குள்
முழுசாக, சுடச்சுடக் கிடந்தது.
பத்து வருசம் ஓவர்லாக் ஓட்டிய கைக்குப்
பக்கத்து மெஷின்காரன் மெதுவாகத் தைத்தால்
பிடுங்கித் தைத்து முடிக்கத் தோன்றும். அது மாதிரி.
சே, அது மாதிரியும் இல்லை.
துணிக்கு வலிக்காது.
நாக்கைக் கடித்துக்கொண்டு
ஃபேன் இறக்கையை எண்ணினேன்.
மூன்று. திரும்பவும் எண்ணினேன்.

"ப்… ப்பப்ஸ். ரெண்டு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
"முட்டையா, காயா?" என்றார் மருதாசலம்.
பாவி மனுசன், இன்னொரு கேள்வி!
"முட்டை" என்றான்.
'ம'வும் உதட்டு எழுத்துதான்.
அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது.

பப்ஸ் மாவு உதிர உதிரத் தின்றோம்.
எனக்குப் பாதி தரவில்லை,
என்னுடையது என்னிடமே இருந்தது.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
திங்கட்கிழமை ஸ்கூல் வாசலில்
புது வாத்தியார் பேர் கேட்டார்.
"பவி" என்று ஆரம்பித்தும்விட்டேன்.
சுண்டுவிரலில் ஓர் அமுக்கு.
குனிந்தேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
வாத்தியாரை நேராகப் பார்த்துக்கொண்டு
உதட்டை மூடி நின்றான்,
திறப்பதற்கு.