சுழி

கிராஸிலிருந்து ஒரு பொறியாளர் எழுதியிருந்தார்:
"உங்கள் மென்பொருள் என் அணியின் தரம் மூன்று என்கிறது.
கையால் போட்டுப் பார்த்தேன், இரண்டுதான் வருகிறது.
மூன்றென்றால் என் நடைபாலம் நிற்கும்.
இரண்டென்றால் ஆடும்.
சீக்கிரம் சொன்னால் நல்லது."

லின்ஸில் நவம்பர். இரும்பாலைப் புகை
டான்யூப் மேல் படுத்துக் கிடந்தது.
ரோஸ்விதா ஈரக் காலுறையோடு உட்கார்ந்து
நாலு மணிநேரம் தோண்டினாள்.
மூன்றாம் வரிசையில் ஒளிந்திருந்தது ஆசாமி:

√2 + √3 − √(5 + 2√6)

பார்வைக்குப் பெரிய குடும்பஸ்தன்.
வர்க்கப்படுத்தினால் வெறும் சுழி.
அதைச் சுழியென்று அறியாமல்
அதனாலேயே வகுத்துவிட்டு
மேலே போயிருக்கிறது எங்கள் நிரல்,
கூச்சமே இல்லாமல்.

"நூறு இலக்கம் கணக்கிடு" என்றான் கெர்னோட்.
"நூறும் பூஜ்யமானால் பூஜ்யம். எனக்குப் பசிக்கிறது."

அவள் பலகையில் வேறொன்று எழுதினாள்:
e-யின் அடுக்கில் பை, பெருக்கல் மூலம் நூற்று அறுபத்து மூன்று.
தசமப் புள்ளி தாண்டி
ஒன்பது ஒன்பதென்று பன்னிரண்டு ஒன்பதுகள்;
ஒரு முழு எண்ணின் வாசல்வரை வந்து
செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு
பதின்மூன்றாவதில் திரும்பிப் போய்விடுகிறது.

"நான் நூறு என்றேன்."
"நூற்றொன்றில் திரும்புகிறவனை என்ன செய்வாய்?"

அவன் பதில் சொல்லவில்லை.
சாப்பிடவும் போகவில்லை.
என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான்.
எத்தனை இலக்கத்துக்கு ஒன்றுமில்லை என்று
கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மூலங்களாலான கோவையென்றால் வழி உண்டு,
அதை அன்றிரவே எழுதிச் சேர்த்தாள்.
சைனும் அடுக்கும் பையும் தனிமதிப்பும்
ஒரு மாறியோடு கூடிவிட்டால்
எல்லாவற்றுக்கும் விடைசொல்லும் ஒரே நிரல்
இருக்கவே முடியாதென்று
நாங்கள் பள்ளிக்கூடம் போகுமுன்பே நிறுவிவிட்டார்கள்.

ஆகவே மூன்று விடைகள்:
ஆம், இல்லை, தெரியவில்லை.

கையேடு எழுதுவது என் வேலை.
முதல் இரண்டுக்கும் ஒரு வரி போதுமாக இருந்தது.
மூன்றாவதை ஏழு முறை எழுதி அழித்தேன்.
ஆற்றுக்குக் கீழே கிரைன் பக்கம்
படகுகளை விழுங்கிய சுழிகளை
ஒரு காலத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்களாம்.
பாறை இருந்த இடம் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

கடைசியில் இப்படி வைத்தேன்:
"தெரியவில்லை என்று வந்தால் அது பிழையல்ல.
அதனால் வகுக்காதீர்கள்."

வெள்ளிக்கிழமை கிராஸிலிருந்து ஒற்றை வரி:
குறுக்கே ஒரு கம்பி கூட்டிவிட்டேன், நன்றி.
கெர்னோட் அதை அச்செடுத்து
காப்பி இயந்திரத்தின் மேல் ஒட்டினான்,
கொஞ்சம் கோணலாக.