முப்பத்தைந்து நிமிடமும் ஒரு வெள்ளிக்கிழமையும்

சுவரில் மாட்டிய பலகை சொல்கிறது:
ஆப்பியாவிலிருந்து பாகோ பாகோ
நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் முப்பத்தைந்து நிமிடம்,
எதிர்க்காற்று இருந்தால் நாற்பது.
கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.
பலகையில் எழுதாத ஒன்று:
நடுக்கடலில் நாள் முறிகிறது.
இங்கே சனி என்றால் அங்கே வெள்ளி.
கடிகார முட்கள் அதே இடத்தில் நிற்கும்,
கிழமை மட்டும் பின்னால் நழுவும்.

நான் ஆட்களை எடை போடுகிறவன்.
சின்ன விமானம். பெட்டியோடு
பெட்டிக்காரரையும் தராசில் ஏற்றித்தான்
இடம் கொடுப்போம்.
பாதிரியார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்.
யார் எவ்வளவு கனம் என்று
எனக்குத் தெரிந்த அளவு
இந்த ஊர் டாக்டருக்கும் தெரியாது.
வெளியே சொன்னதில்லை.

பிறந்தநாளை இரண்டு தரம் கொண்டாடப் போகிறவர்கள் உண்டு.
வாடகைக் கெடுவை
ஒரு நாள் தள்ளிப்போடப் போனவர்கூட ஒருவர் உண்டு.

சனிக்கிழமை காலை லாங்கிமைனா வந்தாள்.
அறுபத்தெட்டுக் கிலோ.
சேப்பங்கிழங்குக் கூடை ஒன்பது.
கண் வீங்கியிருந்தது, அது தராசில் காட்டாது.

நேற்று ராத்திரி ஃபோனில்
பெனியெலியோடு சண்டை என்றாள்.
அவன் அங்கே சூரைமீன் டப்பா ஆலையில்
இரண்டாம் ஷிஃப்ட்.
வரிசை முழுக்கக் கேட்கும்படி கணக்குப் போட்டாள்:
"சண்டை வெள்ளிக்கிழமை ராத்திரி.
நான் போய் இறங்குவது வெள்ளிக்கிழமை காலை.
அப்படியென்றால் இன்னும் சண்டையே வரவில்லை.
வாசலில் நின்று சிரிப்பேன், வேறென்ன?"

அவன் காலண்டரில் அது வியாழக்கிழமை,
நடந்து முடிந்த வியாழக்கிழமை என்று
நாக்கு நுனிவரை வந்தது.
கனமான சொல்.
விமானம் சின்னது. விட்டுவிட்டேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
புறப்பாடு சனி, ஒன்பது மணி.
வருகை வெள்ளி, ஒன்பது முப்பத்தைந்து.

எனக்கும் இதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.
இரண்டாயிரத்துப் பதினொன்றில்
நாடு தேதிக்கோட்டைத் தாண்டிக் குதித்தபோது
டிசம்பர் முப்பதை விழுங்கிவிட்டது.
அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.
எனக்குப் பதினெட்டு முடிகிற நாள்.
வியாழன் படுத்தேன், சனி எழுந்தேன்.
கேக்கை எந்தத் தேதியில் வெட்டுவது என்று
அக்காவும் அத்தையும் வாதாடி
கடைசியில் எறும்பு தின்றது.
அந்த வெள்ளி அக்கரையில் முழுசாக வந்து போனதாம்.
முப்பத்தைந்து நிமிடம்தான்.
இதுவரை நான் போனதில்லை.

திங்கள் மதியம் அவள் திரும்பினாள்.
அங்கே ஞாயிறு ஆராதனை முடிந்து
பாதிச் சாப்பாட்டில் கிளம்பினாளாம்.
கூடை இல்லை.
வருகிறவர்களை எடை போடும் வழக்கமில்லை,
அதனால் கூடியதா குறைந்ததா தெரியாது.

இடது மணிக்கட்டில் ஆண்பிள்ளைக் கைக்கடிகாரம்.
பட்டை தளர்ந்து முழங்கைவரை ஓடுகிறது.
லேசாக மீன் வாடை.
மணி சரி. நிமிடம் சரி.
கிழமைக் கட்டத்தில் மட்டும் ஞாயிறு.

"திருத்தித் தரட்டுமா?" என்றேன்.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.
அங்கே வண்டிகள் எதிர்ப்பக்கம் ஓடும்,
அந்தப் பழக்கத்தில்
சாலையை இரண்டு தரம் தப்பாகப் பார்த்துவிட்டு
வெயிலில் இறங்கி நடந்தாள்.