இரண்டு நிமிடம் நாற்பத்தோரு நொடி

முப்பத்திரண்டு மெகாபைட்.
ஏழு பாட்டு, நெருக்கிப் பிடித்தால் இன்னொரு பாதி.
ஓவ்லுவில் பிப்ரவரி, மைனஸ் இருபத்தாறு.
ஒற்றை பேட்டரி குளிரில் செத்துவிடும் என்று
அக்குளில் அடைகாத்தபடி
தபால் பையோடு படியேறுகிறேன்.

ஆயிரத்து இருநூறு மார்க்கா.
"எட்டுப் பாட்டுக்கா?" என்றான் வெய்க்கோ.
சீடி மாதிரி திக்காது, பார், என்று
சமையலறையில் குதித்துக் காட்டினேன்,
கீழ்வீட்டுக்காரி துடைப்பக்கட்டையால்
கூரையை இடிக்கும்வரை.

எட்டாவது பாட்டு இறங்கிக்கொண்டிருக்கையில்தான்
அவன் போனை எடுத்தான்.
தம்பியிடம் ஏதோ மீன்வலை விஷயம்.
லைன் அறுந்தது.
"நீ மட்டும்" என்று பாடிய பெண்
திறந்த வாயோடு நின்றுபோனாள்.
மிச்ச இடத்தில் அவ்வளவுதான் கொள்ளும்.
அப்படியே ஏற்றிக்கொண்டேன்.

ஒரு வருடம்
பதினேழாம் எண் வாசலுக்குப் போகும்போதெல்லாம்
அந்த வெட்டு வரும்.
பிறகு பூட்ஸுக்கடியில் பனி நொறுங்கும்.
நீ மட்டும் அன்றைக்கு வந்திருந்தால்,
நீ மட்டும் வாயைத் திறந்திருந்தால்...
மிச்சத்தை நானே சொல்லிக்கொள்வேன்
தபால் பெட்டிகளிடம்.
கோபத்தில்தான் நிறுத்தினாள் என்று நம்பினேன்.
நல்ல காரியம் செய்தாள்.

நேற்று ரொட்டிக்கடை ரேடியோவில்
முழுசாக வந்தது.
நீ மட்டும் போதும் என்கிறாள்!
அதையே இன்னும் இரண்டு நிமிடம் கெஞ்சுகிறாள்.
ரை ரொட்டியோடு வரிசையில் நின்றேன்.
இவள் யாரோ.

வீட்டில் லைன் காலியாகத்தான் இருந்தது.
வெய்க்கோ சவுனாவில்.
கம்ப்யூட்டரைப் போடவில்லை.
பேட்டரியை மட்டும் மாற்றினேன்.