முக்கால் லிட்டர்

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
முதலில் யாரும் நம்பவில்லை.
"வெயிலுக்கு வேர்க்குதுபா வண்டி" என்றான் எட்டியப்பன்.
பதினொரு போட்டுக்குப் பொதுவான குட்டி டிராக்டர்.
ஓட்டுவது நான், கணக்கும் என் நோட்டில்தான்.
அறுபத்தெட்டாம் நம்பர் ஆயில் என்று
பத்தொன்பது நாள் ஒரே வரியை எழுதிக்
கை சலித்துத்தான் குனிந்து பார்த்தேன்.

சீட்டுக்குக் கீழே
ஒரு பக்கெட் கொள்ளும் தகரத் தொட்டி.
சேசிஸ் மூலையில் ஒரு சொட்டு தொங்கி
விழலாமா என்று யோசித்து
விழுகிறது.
கொட்டிவாக்கத்து மணல் காட்டிக்கொடுக்காது.
குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும்.

சொட்டுகிற இடத்தில் ஓட்டை இல்லை.
எண்ணெய் நடக்கும்.
இரும்பின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே
ஒரு முழம், இரண்டு முழம் போய்
யார் வீட்டு வாசலிலோ நின்று அழும்.
நான் மூன்று முறை எம்சீல் பிசைந்து அப்பியது
அந்த யார் வீட்டு வாசலில்.

ஏலம் கூவி முடித்து வந்த தேசராணி
கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள்.
"தொடச்சிட்டு இத்தப் போடு. எங்க கருக்குதுன்னு பாரு."
மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவைத்துப்
பாதி டப்பாவைக் கொட்டினேன்.
ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி
வெளுத்துப்போய் இருந்தது தொட்டி.
ஒரு டீ ஆறுகிற நேரம்.
இடுப்புப் பட்டைக்கு ஓரமாக
கடுகளவு கறுப்பு.
பிறகு மிளகளவு.

பட்டையைக் கழற்றினேன்.
தகரத்தில் உராயக் கூடாதென்று
உள்ளே மடித்து வைத்த சைக்கிள் ட்யூப் துண்டு.
வைத்தவன் நான்தான்.
ட்யூபுக்கு அடியில் மணல் புகுந்து உட்கார்ந்து
மூன்று வருடமாக
போட்டை இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும்
அதிர்ந்து அதிர்ந்து
ஒரு ஊசிமுனைக்கு வழி பண்ணியிருக்கிறது.
இதை எழுத
நோட்டில் கட்டம் இல்லை.

ஷேர் ஆட்டோவில் மடியில் தொட்டி.
பக்கத்து அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு
திருவான்மியூர் வரை என்னைப் பார்க்கவே இல்லை.
கேஸ் வெல்டிங் கமாலுதீன் நெருப்பை எடுக்கவில்லை,
முதலில் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார்.
"காலி டப்பான்னு நெனச்சியா? இதான் வெடிக்கும்."
சோடா உப்பு கரைத்த வெந்நீர், மூன்று அலசல்.
பிறகு ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரை
பைப்புத் தண்ணீர்.
வயிறு நிறைய நீரோடு தொட்டி சாய்ந்திருக்க
மேலே நீல நாக்கு.
பித்தளைக் கம்பி ஒரு நொடி தயங்கி,
ஒழுகி,
பச்சரிசி அளவில் உறைந்தது.

அதற்குள் போன் நான்கு முறை.
ஏழு போட் கரை தட்டி நிற்கிறதாம்.
தோள் கொடுத்து ஏற்றுகிறவர்களின் குரல் பின்னால்;
பாதி என் பெயர், மீதி அச்சில் ஏறாது.
சோப்பு நுரை தடவி
சைக்கிள் பம்ப்பில் மெல்லக் காற்றடித்தார்.
நுரை அசையவில்லை.
"இருநூத்தம்பது. தண்ணிக்குக் காசு கிடையாது."

பட்டைக்கு அடியில் இந்த முறை எதை வைப்பது?
எட்டியப்பன் தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான்,
இன்னொன்றைக் கடல் வாங்கி ஆறு நாளாகிறதாம்.
அறுத்து வைத்தேன்.
மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவ
நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டேன்.

இரவு டிராக்டருக்கு அடியில்
பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றை விரித்துவிட்டுப் படுத்தேன்.
விடியுமுன் டார்ச் அடித்தால்
நடுவில் ஒரு ஈரம்.
சரியாக ஒரு சொட்டு.

வயிற்றில் ஏதோ நழுவியது.
விரலால் தொட்டேன். வழுக்கவில்லை.
முகர்ந்தேன்.
நாக்கில் வைத்தேன்.

உப்பு.
ராத்திரி முழுக்கக் கடல் ஊதிய பனி
பம்பரில் திரண்டு வடிந்திருக்கிறது.

அட்டையை மடித்து சீட்டுக்குப் பின்னால் செருகினேன்.
அலைக்கு அந்தப் பக்கம்
முதல் போட்டில் யாரோ
சட்டையைக் கழற்றிச் சுழற்றுகிறார்கள்.